கான்சாகிபு

1736ஆம் ஆண்டில் நாயக்கர் ஆட்சி முடிவுற்றபின் மதுரைச் சீமை வல்லார் கைப்பொருளாயிற்று. ஆர்க்காட்டு நவாபும் பாளையக்காரரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதனைத் தத்தம் பக்கம் இழுத்தனர். உழவன் விதைத்ததை யார் அறுப்பார் என்பது அறுவடை நாள்வரை தெரியாது. இந்நிலையில் மதுரைக்குத் தலைவராய் வந்தவரே யூசுப்கான் என்னும் கான்சாகிபு.

இவர் ஏறத்தாழ 1725ஆம் ஆண்டில் இராமநாதபுரச் சீமையைச் சார்ந்த பனையூரில் எளிய வேளாண் குடியில் பிறந்தவர் என்பர். மருதநாயகம் என்பது இளமைப் பெயர் என்றும் கூறுவர். இளம்பருவத்திலேயே ஊரை விட்டு வெளியேறிப் பின்னர் இஸ்லாம் சமயத்தைத் தழுவினார். போர்த்தொழிலைக் கற்று ஆங்கிலக் கம்பெனியின் படையிற் சேர்ந்தார். 1752 முதல் 1754 வரை திருச்சிராப்பள்ளியில் நிகழ்ந்த போரில், பகைவர் வழிமறித்து நிற்க, உணவுப்பொருள்களைக் கோட்டைக்குக் கொண்டு சேர்த்தது இவரது அருந்திறல். கம்பெனியார் இவருக்குப் பொற்பதக்கம் அளித்துச் சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவராக்கினர். 1758ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, புறத்தே நின்று அப்படையை அலைக்கழித்தவரும் இவரே.

1759ஆம் ஆண்டில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்க்குக் குத்தகையாகப் பெற்று ஆளத் தொடங்கினார். கொள்ளை அடங்கியது, ஏரிகளும் கால்வாய்களும் செப்பம் பெற்றன. மீனாட்சியம்மன் கோயில் நிலங்களைப் பிறர் கவர்ந்தமையால் குன்றியிருந்த பூசைகளை, அந்நிலங்களை மீட்டுக்கொடுத்து மீண்டும் நடைபெறச் செய்தார். தாம் தழுவிய சமயம் வேறாயினும் தம் குடிகளின் தெய்வத்தைப் பேணிய பெருந்தகைமை இது. பின்னாளில் தென்னாட்டிற் படைநடத்திய கர்னல் புல்லார்ட்டன் என்னும் ஆங்கிலேயர், இவரது நீதியையும் சொல் தவறாமையையும் வியந்து எழுதியுள்ளார்.

எனினும் ஒன்றை மறைத்தல் தகாது. நவாபின் ஆணைக்குப் பணியாத நெற்கட்டும்செவல் பூலித்தேவரை 1761ஆம் ஆண்டில் வென்றவரும் இவரே. அன்னியர்க்காகத் தம்மவர்மேல் ஓங்கிய அவ்வாள், விரைவில் அன்னியர்மேலேயே திரும்ப நேர்ந்தது.

இவரது ஆற்றல் பெருகுதலைக் கண்டு நவாபு மகம்மது அலி அஞ்சினார். கான்சாகிபு தமக்கு அடங்கித் தம்மிடமே திறை செலுத்தவேண்டுமென்றார். கம்பெனியாரும் அதற்கு இசைந்தனர். மானம் மிக்க கான்சாகிபு மறுத்துக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். 1763ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் நவாபும் மதுரையை முற்றுகையிட்டனர். மழைக்காலம் வரவே மீண்டனர். மறு ஆண்டு மேஜர் காம்பெல் பெரும்படையுடன் வந்தார். சூன் 26ஆம் நாள் மதிலேற முயன்ற படை பேரிழப்புடன் பின்வாங்கியது. அம்மதில் இன்று இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. அது நின்ற எல்லையை வெளிவீதிகளே காட்டி நிற்கின்றன.

வாளால் வெல்ல இயலாத காம்பெல் பசியால் வெல்லக் கருதி உணவு வரும் வழிகளை அடைத்தார். உள்ளிருந்தோர் வாடினர். அந்நிலையில் திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுத் தலைவன் மார்ச்சந்தும் பிறரும் சூழ்ச்சி செய்து தம் தலைவரையே பிணித்துப் பகைவர்பால் ஒப்புவித்தனர். அவர் தொழுகையில் இருந்த வேளையிற் பற்றினர் என்பது வழிவழிச் செய்தி. 1764ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் நவாபின் ஆணையால் அவர் மதுரைக்கு மேற்கே தூக்கிலிடப்பட்டார். இறந்த பின்னும் அவரை அஞ்சி, உடலைத் துண்டித்துத் திருச்சிராப்பள்ளி, பாளையங்கோட்டை, பெரியகுளம் முதலிய ஊர்களுக்கு அனுப்பினர் என்பர். எஞ்சிய உடலே மதுரையில் அடக்கமாயிற்று.

வீரர்க்குக் கோயில் எடுத்தல் பல நாட்டு வழக்கம். சப்பானில் சாமுராய் என்னும் வாள்வீரர்க்குத் தலைவராகி நாடாண்ட தோக்குகவா இயேயாசு 1616ஆம் ஆண்டில் இறந்தார்; மறு ஆண்டே நிக்கோ என்னும் மலையூரில் அவர் தெய்வமாக வைக்கப்பெற்றார். பேரன் இயேமிட்சு அக்கோயிலைப் பொன்னும் வண்ணமும் பொலியப் பெரிதாக்கினார். அஃது அரியணை ஏறிய குடியினர் தம் முன்னோர்க்குச் செய்த சிறப்பு. கான்சாகிபுக்கோ நாடுமில்லை, அரசமரபுமில்லை. அவரைக் கொன்றவர் கையிலேயே ஆட்சி இருந்தது. அங்ஙனம் இருந்தும், 1808ஆம் ஆண்டில் சேக் இமாம் என்பவர் அவரது அடக்கத்தின்மேல் சதுர வடிவில் சிறியதொரு பள்ளிவாசல் எழுப்பினார். ஊர்மக்கள் கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடலைப் பாடி வந்தனர். காளவாசலை அடுத்துத் தேனிப் பெருவழி தொடங்குமிடத்தில், சம்மட்டிபுரத்தில் அப்பள்ளிவாசல் உள்ளது. அவர் பெயராலேயே அது வழங்குகின்றது.