கே.சி.நாக்: ரூபாயை மூன்றாகப் பிரித்தால் மிச்சம் வருமா?

கொல்கத்தா கரியாஹாட் கடைத்தெருவில் பேரம் பேசும் பெரியவர் யாரிடமாவது கே.சி.நாக் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பலருக்குப் பள்ளிக்கூடக் கணக்கு ஞாபகம் வந்துவிடும்.

யார் இவர்? கேசவ சந்திர நாக், 1893-இல் ஹூக்ளி மாவட்டம் குராப் கிராமத்தில் பிறந்தவர். பவானிபூரில், மித்ரா இன்ஸ்டிடியூஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து தலைமை ஆசிரியர் ஆனார். 1930-களின் நடுவில் வந்த அவரது 'நவ பாடிகணித்' தலைமுறைகளுக்குப் பாடநூலானது. எண்ணெய் தடவிய மூங்கிலில் ஏறிச் சறுக்கும் குரங்குக் கணக்கு என்றாலே வங்காளிகளுக்கு இவர் ஞாபகம்தான்.

அந்தப் புத்தகம் வந்தப்போ ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. ஆக, ரூபாய்க்கு 192 தம்பிடி. மூணு பேர் பிரிச்சா ஆளுக்கு 5 அணா 4 தம்பிடி, மிச்சமே கிடையாது. 1957 ஏப்ரல் 1-இல் ரூபாய்க்கு 100 பைசா என்றானது. கூட்டல், கழித்தல் சுலபமாச்சு. ஆனால் அதே பங்கு 33.333... என்று முடியாமல் ஓடியது. காரணம் எளிது: 192 மூன்றால் வகுபடும், 100 வகுபடாது.

நாக் 1987-இல் மறைந்தார். சிக்கல் உங்கள் போனிலேயே இருக்கு. 100 ரூபாய் பில்லை மூணு பேர் பிரிச்சா, ஒருத்தர் 33.34 கொடுக்கணும். 1/3 என்ற பின்னத்தில் பிழையே இல்லை. தசமமாக வெட்டும்போதுதான் ஒரு பைசா இடிக்குது. அதனால் கடைசிப் படி வரை பின்னத்திலேயே போடுங்கள்.