கிரெகோர் மெண்டல் அடிகளார்

அறிவுலகிற்கு அரும்பணி ஆற்றினாருள் வாழும் நாளிலேயே புகழெய்தினார் சிலர். மறைந்தபின் எய்தினார் சிலர். பின்னவருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் கிரெகோர் மெண்டல் அடிகளார். ஒருவர்தம் ஆராய்ச்சியைப் பிறர் எத்துணை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர் என்று எண்ணி, அதன் பெருமையை அளக்கும் வழக்கம் இந்நாளில் வேரூன்றியுள்ளது. பயிர்நூல், மருத்துவம், நலவாழ்வு உளவியல் என எத்துறையினரும் இவ்வளவுகோலுக்குத் தப்புவதில்லை. இக்கோலின் பயனையும் குறையையும் ஒருங்கே உணர்த்துவது மெண்டலின் வரலாறு. ஆதலின், அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மெண்டல் 1822ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஆஸ்திரியப் பேரரசைச் சார்ந்திருந்த ஹைன்ஸெண்டார்ப் என்னும் சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்தார். அவ்வூர் இந்நாளில் செக் நாட்டைச் சார்ந்தது. பெற்றோர் இட்ட பெயர் யோஹான். 1838இல் தந்தையார் மரம் வீழ்ந்து ஊறுபட்டமையால் குடும்பம் வறுமையுற்றது. அதுகாலை, இளைய தங்கை தெரேசியா தன் மணத்திற்கென வைத்திருந்த பொருளில் ஒரு பகுதியை அண்ணனின் கல்விக்கு ஈந்தாள். அந்நன்றியை மறவாத மெண்டல் பிற்காலத்தில் அவள் மக்களின் கல்விக்குப் பொருளுதவி, கைம்மாறு செய்தார்.

1843இல் அவர் புரூன் நகரத்து அகுஸ்தீனார் சபை மடத்தைச் சேர்ந்து, கிரெகோர் என்னும் துறவுப் பெயர் பூண்டார். ஆசிரியர் தேர்வுக்கு 1850இல் அமர்ந்து தோற்றார். அத்தோல்வியே அவருக்கு ஒரு நற்பேறாயிற்று. மேலும் கற்றுவருமாறு மடத்தார் அவரை வியன்னாப் பல்கலைக்கழகத்திற்கு விடுத்தனர். ஆண்டு அவர் இயற்பியலும் கணக்கும் பயிர்நூலும் பயின்றார். 1856இல் மீண்டும் அத்தேர்வை எழுதப் புக்கு, மீண்டும் தவறினார். ஆகவே, நிலையான ஆசிரியப் பட்டம் இன்றியே 1868 வரை பள்ளியிற் கற்பித்து வந்தார்.

தேர்வில் தவறிய அவ்வாண்டிலேயே, மடத்துத் தோட்டத்தில் தம் பட்டாணி ஆராய்ச்சியைத் தொடங்கினார். எட்டாண்டுகள் உழைத்து ஏறத்தாழ 28,000 செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் பூந்தாது மாற்றிக் கலந்தபோது, முதற்றலைமுறையில் உருண்டை விதைகளே தோன்றின. அவற்றை விதைத்துத் தம்முள்ளே காய்க்கவிட்டபோதோ, மறைந்துபோன சுருக்கம் மீண்டும் வெளிப்பட்டது. பிறர் கண்டு வியந்து விட்டிருக்கக்கூடிய இடத்தில், அடிகளார் விதைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். 7,324 விதைகளுள் உருண்டையானவை 5,474, சுருங்கியவை 1,850. இஃது ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்னும் அளவு. தாம் தேர்ந்த ஏழு பண்புகளிலும் இவ்வளவே வரக்கண்டு, பெற்றோர் பண்புகள் பிள்ளைகளிடத்துக் கலந்து கரைவதில்லை. தனித்தனிக் கூறுகளாக நின்று வழிவழி இறங்குகின்றன என்று துணிந்தார்.

இம்முடிபுகளை 1865ஆம் ஆண்டு பெப்ரவரி, மார்ச்சுத் திங்களில் புரூன் இயற்கை அறிவியற் கழகத்தில் இரு சொற்பொழிவுகளாக எடுத்துரைத்தார். 1866இல் அவை கழகத்து வெளியீட்டில் அச்சேறின. அவ்வெளியீடு நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களுக்கும் கழகங்களுக்கும் சென்றது. தனிப்படிகள் நாற்பது பெற்றுப் புலவர் சிலருக்கு அவர் தாமும் விடுத்தார். அவருள் ஒருவர் மியூனிக் நகரத்து நேகலி. அவர் மெண்டலுடன் பல்லாண்டு கடிதப் போக்குவரவு செய்தும், 1884இல் தாம் வெளியிட்ட பெருநூலில் அவரைப் பற்றி ஒரு சொல்லும் கூறினாரல்லர். 1869இல் ஹாப்மன் என்பாரும், 1881இல் போக்கே என்பாரும் தம் நூல்களில் மெண்டலைக் குறித்தனரேனும், அவர் கண்டதன் ஆழத்தை உணர்ந்திலர்.

1868இல் மெண்டல் மடத்தலைவரானார். பின்னர் அரசினர் மடங்கள்மீது விதித்த வரியை எதிர்த்து இறுதிவரை வழக்காடுவதிலே அவர்தம் காலம் கழிந்தது. 1884ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். நகரமாந்தர் ஒரு நல்ல துறவியை இழந்தோம் என வருந்தினர். ஓர் அறிவியற் பேரறிஞரை இழந்தோம் என அறிந்தாரிலர்.

அச்சேறி முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1900இல், டீ விரீஸ், கோரன்ஸ், செர்மாக் என்னும் மூவர் தத்தம் ஆராய்ச்சிகளை வெளியிட்டனர். டீ விரீஸ் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட சிறு கட்டுரையில் மெண்டலின் பெயர் இல்லை. செருமானிய மொழியில் வெளியிட்டதில் இருந்தது. கோரன்ஸ் தம் கட்டுரையின் தலைப்பிலேயே மெண்டலின் பெயரைப் பொறித்து, அவ்விதி அவர்க்கே உரியதென நாட்டினார். தாமே கண்டதாகக் கூறிக்கொள்ளத்தக்க ஒன்றை, இறந்துபட்ட ஒருவர்க்கு உரியதென உலகறியச் சொல்லுதல் எளிதன்று. மேற்கோள் என்பது வெறும் எண்ணன்று. அஃது ஒரு நன்றிக்கடன் என்பதை நாம் இதனால் உணர்கின்றோம்.

நிற்க. கார்பீல்டு என்னும் அமெரிக்கர் 1955இல் எடுத்துரைத்து, 1964இல் வெளியிடத் தொடங்கிய மேற்கோள் அட்டவணையால் இவ்வெண்ணிக்கை எளிதாயிற்று. 2005இல் ஹிர்ஷ் என்பார் மற்றோர் அளவை வகுத்தார். ஒருவர்தம் கட்டுரைகளுள் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறையேனும் மேற்கோளாகியிருப்பின், அவர் அளவு பத்து என்பர். பயிர்க்கலப்பைப் பற்றி மெண்டல் வெளியிட்ட கட்டுரைகள் இரண்டே. அவற்றை உலகமெல்லாம் எடுத்தாளினும், அவற்றைக்கொண்டு அவர் பெறும் அளவு இரண்டிற்கு மேற்படாது! அவர் வாழ்நாளில் எண்ணியிருப்பினோ அதுவும் அரிதே.

இதனால் எண்ணுதல் வீண் என்பது நம் கருத்தன்று. மெண்டலும் எண்ணியே உண்மை கண்டார். ஆயின், அவர் எதனை எண்ணுகின்றோம் என்பதை நன்கறிந்து எண்ணினார். மேற்கோளை எண்ணுவோர், ஒரு நூல் இதுகாறும் பிறர் கண்ணிற்பட்ட அளவை அறிவர். அதன் மெய்ம்மையை அறியார். அதனை அறிய வேண்டின், அந்நூலையே எடுத்துப் படித்தல் வேண்டும். கல்லூரி நூலகத்தில் யாரும் தீண்டாது தூசி படிந்து கிடக்கும் ஏட்டினுள்ளும் ஒரு மெண்டல் இருத்தல் கூடும். அதனைத் திறந்து பார்க்கும் பொறுமையும், கண்டதைக் கண்டார் பெயராலேயே வழங்கும் நேர்மையும் மாணவராகிய நமக்கு வாய்ப்பனவாக.