ஆர்க்கிமிடீஸும் உருளையும்

சேலம் நாமக்கல் சமவெளியிலே, காவிரிக் கால்வாய் எட்டாத மேட்டு நிலங்களுக்குக் கிணறே உயிர்நிலையாம். வட்டக் கிணறு வெட்டப் புகும் குடியானவன் முதற்கண் அறிய வேண்டுவன இரண்டு: எத்தனை கன அடி மண்ணை எடுத்தல் வேண்டும் என்பதொன்று, எத்தனை சதுர அடிச் சுவருக்குக் கல் கட்டுதல் வேண்டும் என்பது மற்றொன்று. இவை உருளையின் கன அளவும் வளைபரப்புமேயன்றி வேறல்ல. இக்கணக்கிற்கு அடிப்படையான உண்மைகளை ஐயந்திரிபற நிறுவிய பெரியார் ஒருவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஆர்க்கிமிடீஸ் ஏறக்குறைய கி. மு. 287-ல் சிசிலித் தீவிலுள்ள சிரக்கூஸ் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் பீடியாஸ் வான நூல் வல்லவர். அந்நகரத்தரசன் ஹயரான் அவர்க்கு உற்ற நண்பன். எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரத்து அறிஞரோடு அவர் கடிதத் தொடர்பு கொண்டு, தாம் கண்டவற்றை அவர்க்கு எழுதியனுப்பி வந்தார்.

வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்னும் வினாவை அவர் எடுத்துக்கொண்டார். வட்டத்தின் உள்ளும் புறமும் 96 பக்கமுள்ள உருவங்களை அமைத்து, அம்மடங்கு 3 1/7-க்குக் குறைந்தும் 3 10/71-க்கு மிகுந்தும் இருக்குமென நிறுவினார். நாம் பள்ளியில் 22/7 என வழங்குவது அம்மேலெல்லையே. 14 அடி விட்டமுள்ள கிணற்றில் 10 அடி நீர் நிற்பின், அடிப்பரப்பு 154 சதுர அடி. நீர் 1,540 கன அடி. சுற்றளவு 44 அடியாதலால், 30 அடி ஆழத்திற்குக் கட்டும் சுவர் 1,320 சதுர அடி. 22/7 என்பதனால் அந்நீர்க் கணக்கில் நேரும் மிகை ஏறக்குறைய 18 லிட்டர். ஒரு குடம் தண்ணீர் என்னலாம்!

ஆயினும் அவர் பெரிதும் மகிழ்ந்தது வேறொன்றில். ஓர் உருளையினுள் மேலும் கீழும் பக்கமும் தொடுமாறு ஒரு கோளம் அடங்குமாயின், கோளத்தின் கன அளவு உருளையினதில் மூன்றில் இரண்டு பங்கு. அதன் மேற்பரப்பும் உருளையின் முழுப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கே. விட்டமும் உயரமும் 14 அடியாகக் கொள்வோம். உருளையின் வளைபரப்பு 616. இரு முகங்களும் சேர்ந்து 308. ஆக 924 சதுர அடி. கோளத்தின் பரப்போ 616. கனமும் பரப்பும் ஒரே விகிதத்தில் அமைந்த இவ்வழகே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது.

முதுமையில் அவர்க்குப் போர் வந்துற்றது. ரோமாபுரிச் சேனாபதி மார்செல்லஸ் சிரக்கூஸை முற்றுகையிட்டபோது, ஆர்க்கிமிடீஸ் அமைத்த பொறிகள் கல்லெறிந்து பகைவரை நெடுநாள் தடுத்து நிறுத்தின. கி. மு. 212-ல் நகரம் வீழ்ந்தது. அவர் உயிர்க்கு ஊறு நேரலாகாது என்று சேனாபதி விரும்பியிருந்தும், வீரனொருவன் அவரை வெட்டி வீழ்த்தினான் என்பர்.

தம் கல்லறையின்மேல் கோளத்தை உள்ளடக்கிய உருளையை நாட்டுமாறு அவர் சுற்றத்தாரிடமும் நண்பரிடமும் வேண்டியிருந்ததாகப் புளூட்டார்க் என்னும் ஆசிரியர் கூறுவர். நகரைக் காத்த பொறிகளில் ஒன்றையேனும் அவர் அடையாளமாக விரும்பிலர். கி. மு. 75-ல் சிசிலியில் அதிகாரியாயிருந்த சிசரோ அக்கல்லறையைத் தேடியபோது, ஊராரே அதனை மறந்திருந்தனர். முட்புதருக்கு மேல் தலைகாட்டிய சிறு உருளையும் கோளமுமே அவர்க்கு இடத்தைக் காட்டின.

அப்பொறிகள் அழிந்தன, கல்லறையும் மறைந்தது. அவர் நிறுவிய அளவோ, ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் கிணற்றுக் கூலி பேசும் ஏழைக் குடியானவன் ஏமாறாதபடி இன்றும் துணை நிற்கவல்லது. கணக்கு ஏட்டுக்கு மட்டும் உரியதென எண்ணும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக.