குண்டுகளை எண்ணிய விஞ்ஞானி

1940-ம் ஆண்டு. லண்டன் நகரத்தின் மீது ஜெர்மன் விமானங்கள் இரவு தோறும் குண்டு மாரி பொழிந்த காலம். தரையிலிருந்து பீரங்கிகள் முழங்கின. ஆனால் ஒரு எதிரி விமானத்தை வீழ்த்துவதற்குச் சராசரியாக 20,000 குண்டுகள் செலவாயின! மறு ஆண்டில் அதே வேலைக்கு 4,000 குண்டுகள் போதுமானவையாக இருந்தன.

இந்த மாறுதலில் பெரும் பங்கு கொண்டவர் ஒரு பௌதிகப் பேராசிரியர். அவர் கையில் இருந்த ஆயுதம் பென்சிலும் காகிதமும்தான். அவர்தான் பாட்ரிக் பிளாக்கெட்.

கடலில் தொடங்கிய வாழ்க்கை

பிளாக்கெட் 1897 நவம்பர் 18-ல் லண்டனில் பிறந்தார். தந்தை பங்கு மார்க்கெட் தரகர். பிள்ளையைச் சிறு வயதிலேயே கடற்படைப் பள்ளியில் சேர்த்து விட்டார்கள். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. பதினேழு வயது கூட நிரம்பாத சிறுவன் போர்க்கப்பல் ஏறினான். ஃபாக்லாந்து தீவுப் போரையும், 1916-ல் ஜட்லாந்து கடற்போரையும் நேரில் கண்டான். பீரங்கி எப்படிக் குறி தவறுகிறது என்பதைப் புத்தகத்தில் படித்து அல்ல, கப்பல் தளத்தில் நின்றே அறிந்து கொண்டான்.

போர் முடிந்ததும் கடற்படை அவரைப் படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் அனுப்பியது. போனவர் திரும்பவில்லை. வேலையை ராஜினாமாச் செய்துவிட்டு, ரூதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அணுத்துகள் செல்லும் தடத்தைப் புகைக் கோடு போலக் காட்டும் ஒரு கருவியைக் கொண்டு அங்கே 23,000 போட்டோக்கள் எடுத்தார். அவற்றில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட தடங்கள் பதிவாகியிருந்தன. அத்தனையையும் சோதித்ததில் எட்டே எட்டுத் தடங்கள், ஒரு அணு வேறு அணுவாக மாறுவதைக் காட்டின. சலிக்காமல் எண்ணும் இந்தப் பொறுமைதான் பின்னால் போரிலும் கை கொடுத்தது.

ஏட்டில் விழுந்த விமானங்கள்

1940 ஆகஸ்டில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையின் தளபதி ஜெனரல் பைல் அவரை அழைத்துக் கொண்டார். பிளாக்கெட் திரட்டிய குழுவில் உடலியல் அறிஞர்கள், கணித நிபுணர்கள், வான நூலார், ஒரு சர்வேயர் என்று பல தரத்தினர் இருந்தனர். சிப்பாய்கள் அதற்குப் பிளாக்கெட் சர்க்கஸ் என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

குழுவினர் பீரங்கி அருகிலேயே போய் நின்றார்கள். ரேடார் கருவி சொல்லும் தகவல் பீரங்கியின் குறியாக மாறும் வழியில் எங்கெங்கே பிழை நுழைகிறது என்று பார்த்துத் திருத்தினார்கள். குண்டுச் செலவு மளமளவென்று குறைந்தது.

ஒரு விசித்திரமும் தென்பட்டது. கடலோரப் பீரங்கிகள் உள்நாட்டுப் பீரங்கிகளை விட இரு மடங்கு திறமையாகச் சுட்டதாகக் கணக்கு காட்டியது. காரணம் என்ன? கடற்காற்றா, ரேடார் வசதியா என்று பலவாறு ஆராய்ந்தார்கள். கடைசியில் உண்மை வெளிப்பட்டது. உள்நாட்டில் விமானம் விழுந்தால் அதன் உடைசல் கிடக்கும். சரிபார்த்த பிறகே ஏட்டில் ஏறும். கடலில் விழுந்ததாகச் சொன்னால் யார் போய்ப் பார்ப்பது? சொன்னது அப்படியே பதிவாகிவிட்டது. திறமை கூடவில்லை, எண்ணிக்கைதான் கூடியிருந்தது!

இருபத்தைந்து அடி

1941 மார்ச்சில் கடலோர விமானப் படைக்கு மாறினார். அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் சரக்குக் கப்பல்களை வேட்டையாடி வந்தன. விமானங்கள் அவற்றின் மீது வீசிய குண்டுகள் 100 அடி ஆழத்தில் வெடிக்குமாறு முடுக்கப்பட்டிருந்தன. பிளாக்கெட் குழுவில் இருந்த வில்லியம்ஸ் என்ற விஞ்ஞானி தாக்குதல் அறிக்கைகளை எல்லாம் புரட்டினார். நீர்மூழ்கி அவ்வளவு ஆழம் போவதற்குள் அது இருக்கும் இடமே தெரியாமல் போகிறது. மேல்மட்டத்தில் இருக்கும்போது அடித்தால்தான் பலன் என்று கண்டார். வெடிக்கும் ஆழம் படிப்படியாக 25 அடிக்குக் குறைக்கப்பட்டது. மூழ்கடிக்கப்பட்ட நீர்மூழ்கிகள் பல மடங்கு பெருகின. சிறைப்பட்ட ஜெர்மன் மாலுமிகள், பிரிட்டிஷார் புது வெடிமருந்து கண்டுபிடித்து விட்டதாகவே நம்பினார்கள்.

பெற்ற பிள்ளையை எந்தக் கூட்டத்தில் அனுப்புவது?

1942-ல் கடற்படைத் தலைமையகம் சென்றார். சரக்குக் கப்பல்கள் காவலுடன் கூட்டமாகச் செல்வது வழக்கம். கூட்டம் சிறிதாக இருப்பதே பத்திரம் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். பழைய ஏடுகள் வேறு விதமாகப் பேசின. சராசரி 32 கப்பல்கள் கொண்ட கூட்டங்கள் நூற்றுக்கு இரண்டரை வீதம் இழந்திருந்தன. சராசரி 54 கப்பல்கள் கொண்டவை இழந்தது நூற்றுக்கு 1.1 மட்டுமே.

இதன் காரணம் வயலுக்கு வேலி கட்டியவர்களுக்கு எளிதில் விளங்கும். ஒரு ஏக்கருக்கு ஆகும் வேலியைப் போல இரண்டு பங்கு இருந்தால் நான்கு ஏக்கரை வளைத்து விடலாம். கப்பல் கூட்டம் பெருத்தாலும் காவல் காக்க வேண்டிய சுற்றளவு அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. உள்ளே புகுந்த நீர்மூழ்கி மூழ்கடிக்கும் கப்பல்களின் தொகையும் கூட்டத்தின் அளவைப் பொறுத்ததல்ல.

ஆயினும் கணக்கு தவறினால் போவது மனித உயிர் அல்லவா? ஆகவே குழுவினர் தங்களையே ஒரு கேள்வி கேட்டுக் கொண்டார்கள். சொந்தப் பிள்ளைகளை அட்லாண்டிக் கடலில் அனுப்ப நேர்ந்தால் எந்தக் கூட்டத்தில் அனுப்புவோம்? பெரிய கூட்டத்தில்தான் என்று எல்லோருக்கும் மனம் ஒப்பிய பிறகே சிபாரிசை மேலிடத்துக்கு அனுப்பினார்கள். 1943-ல் அது அமலுக்கு வந்தது.

கேட்கப்படாத கணக்கு

எல்லாக் கணக்கும் எடுபடவில்லை. ஜெர்மன் நகரங்களின் குடியிருப்புகளைக் குண்டு வீசித் தகர்த்தால் எதிரி பணிவான் என்று பிரதமர் சர்ச்சிலின் ஆலோசகர் லிண்டமன் 1942-ல் புள்ளிவிவரத்துடன் எழுதினார். பிரிட்டன் மீது ஜெர்மனி போட்ட குண்டுகளால் விளைந்த சேதத்தை வைத்துப் பிளாக்கெட் அதைச் சோதித்தார். மதிப்பீடு ஆறு மடங்கு மிகைப்பட்டது என்றும், அந்த விமானங்களைக் கடலுக்கு அனுப்பினால் கப்பல்களைக் காக்கலாம் என்றும் வாதாடினார். யாரும் செவி சாய்க்கவில்லை. நகரங்கள் எரிந்தன. போருக்குப் பின் நடந்த ஆய்வு, மிகைப்பாடு பத்து மடங்கு என்று காட்டியது. பிளாக்கெட் குறைத்தே சொல்லியிருந்தார்.

நேருவின் ஆலோசகர்

1947 ஜனவரியில் டெல்லியில் நடந்த விஞ்ஞான காங்கிரசுக்கு வந்தபோது நேருவின் நட்பு ஏற்பட்டது. இந்தியாவின் பாதுகாப்பு ஏற்பாடுகள் பற்றி 1948-ல் அறிக்கை தந்தார். பணக்கார நாடுகளுடன் போட்டியிட்டு அணு ஆயுதம் தேட வேண்டாம், கைக்கு எட்டும் எளிய ஆயுதங்களைச் செம்மையாகச் செய்யுங்கள் என்பது அவர் யோசனை. பேராசிரியர் டி.எஸ். கோத்தாரியின் தலைமையில் பாதுகாப்பு விஞ்ஞான அமைப்பு உருவானதில் பிளாக்கெட்டுக்கும் பங்கு உண்டு. அந்த அமைப்பே 1958-ல் மற்றப் பிரிவுகளுடன் சேர்ந்து டி.ஆர்.டி.ஓ. ஆயிற்று.

1948-ல் பௌதிக நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1965 முதல் 1970 வரை ராயல் சொசைட்டியின் தலைவராக விளங்கினார். 1974 மே 18-ல் இந்தியா பொக்ரானில் அணு வெடிப்புச் சோதனை நடத்தியது. இரண்டு மாதம் நிறைவதற்குள், ஜூலை 13-ல் பிளாக்கெட் காலமானார்.

அவர் புரட்டிய ஏடுகளில் பெரும்பாலானவை விமானத் தளங்களிலும் துறைமுக ஆபீசுகளிலும் பெயர் தெரியாத குமாஸ்தாக்கள் எழுதி வைத்தவை. தேதி, நேரம், ஆழம், எண்ணிக்கை என்று அவர்கள் ஒழுங்காகக் குறித்திராவிட்டால், எத்தனையோ கப்பல்கள் கரை சேர்ந்திருக்க மாட்டா.