குழந்தைகள் இல்லம் கண்ட மாண்டிசோரி அம்மையார்

முன்னுரை

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம் நாட்டுப் பழமொழி. இளமையிலேயே கற்க வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால், வளைப்பதற்குக் குழந்தை என்ன மூங்கிற் குச்சியா? குழந்தை ஒரு விதை. நீரும் ஒளியும் கிடைத்துத் தடையும் விலகினால் விதை தானே முளைக்கும். இந்த உண்மையை வகுப்பறையில் செய்து காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

நம் பாலர் வகுப்புகளை எட்டிப் பாருங்கள். குட்டி நாற்காலிகள், கைக்கு எட்டும் அலமாரி, வண்ணக் கட்டைகள், எண்ணிப் பார்க்க மணிகள் எல்லாம் இருக்கும். இவையெல்லாம் பள்ளியில் இருப்பது இயற்கைதானே என்று நாம் எண்ணுகிறோம். இவை எளிதில் வந்துவிடவில்லை. இவற்றுக்காக வாழ்நாள் முழுவதும் உழைத்த பெருமாட்டியின் வரலாற்றை இங்கே காண்போம்.

பிறப்பும் இளமையும்

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் இத்தாலி நாட்டில் கியராவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசு அலுவலர். தாய் ரெனில்டே நூல்கள் பல கற்றவர். மரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் உரோமை நகருக்குக் குடிபெயர்ந்தது.

அக்காலத்தில் படித்த பெண்ணுக்கு ஆசிரியர் வேலை ஒன்றே தகும் என்று பலரும் கருதினர். ஆசிரியராக மட்டும் ஆகமாட்டேன் என்பதே மரியாவின் எண்ணமாக இருந்ததாம்! ஆண் பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து கணக்கும் பொறியியலும் விரும்பிப் படித்தார். பிறகு மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். தந்தைக்கு அது பிடிக்கவில்லை. தாயோ மகளுக்குத் துணை நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் பிணத்தை அறுத்துப் பாடம் கற்க வேண்டும். ஆண் மாணவர்களோடு ஒரு பெண் அதைச் செய்வது முறையன்று என்று தடுத்துவிட்டனர். எனவே எல்லோரும் வீடு திரும்பிய பின், அந்தக் கூடத்தில் பிணங்களுக்கு நடுவே தன்னந்தனியே நின்று பயின்றார் மரியா. 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் அவரும் ஒருவர்.

கைகளே கற்கும் கருவிகள்

இளம் மருத்துவரான மரியா, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பார்க்க மனநோய் மருத்துவமனைகளுக்குச் சென்றார். அங்கே வெறும் அறைகளில் குழந்தைகள் அடைபட்டுக் கிடந்தனர். உணவு முடிந்ததும் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளை அவர்கள் பொறுக்கி விளையாடினார்கள் என்று சொல்வதுண்டு. பார்த்தவர்கள் அதைப் பசி என்று எண்ணினர். அதை வேறு விதமான பசி என்று மரியா கண்டார். கையில் எடுத்துப் பார்க்க அந்த அறையில் வேறு ஒரு பொருளுமில்லை!

இட்டார், செகேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இருவர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதிய நூல்களை மரியா தம் கையாலேயே இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதிப் படித்தார். தொட்டும் பொருத்தியும் பார்க்கத்தக்க பொருள்களைச் செய்து குழந்தைகளிடம் கொடுத்தார். அறிவே வராது என்று தள்ளப்பட்ட அந்தப் பிள்ளைகளுள் சிலர் மற்றப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வு எழுதித் தேறினர். ஊரே அவரைப் புகழ்ந்தது. அவரோ வேறொன்றைச் சிந்தித்தார். இவர்களே தேறினார்கள் என்றால், நலமுள்ள பிள்ளைகள் சாதாரணப் பள்ளிகளில் ஏன் இவ்வளவு பின்தங்கி நிற்கிறார்கள்? குறை பிள்ளைகளிடமா, பள்ளியிடமா?

சான் லொரென்சோவில் ஒரு வீடு

இதற்கு விடை காணும் வாய்ப்பு 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று கிடைத்தது. உரோமையில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர்கள் வாழும் பகுதி. பெற்றோர் வேலைக்குப் போனபின் சிறுவர்கள் மாடிப்படிகளில் ஓடியாடிச் சுவரெல்லாம் கிறுக்கிவைத்தனர். கட்டட உரிமையாளர்கள் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையை ஒதுக்கினர். பொறுப்பை மாண்டிசோரி அம்மையாரிடம் கொடுத்தனர். சுமார் ஐம்பது குழந்தைகளோடு தொடங்கிய அந்த இடத்துக்குக் குழந்தைகள் இல்லம் என்று பெயர்.

அக்காலப் பள்ளிகளில் அசைக்க முடியாத பெஞ்சுகளில் பிள்ளைகள் வரிசையாக உட்கார வேண்டும். அம்மையாரோ ஒரு சிறு குழந்தையே தூக்கி நகர்த்தத்தக்க மேசை நாற்காலிகளைச் செய்வித்தார். ஒரு நாள் ஆசிரியை வரத் தாமதமாயிற்று. அலமாரியும் பூட்டப்படாமல் இருந்தது. பிள்ளைகள் தாங்களே வேண்டிய பொருளை எடுத்து வேலையைத் தொடங்கிவிட்டனர். வேறொருவர் இதைத் திருட்டு என்று கண்டித்திருப்பார். தமக்குத் தேவையானதைத் தேர்ந்தெடுக்கப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது என்று அம்மையார் புரிந்துகொண்டார். அதன்பின் பூட்டு இல்லாத தாழ்ந்த அலமாரிகளே வைக்கப்பட்டன.

ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள். அவற்றில் பொருந்தும் பத்து உருளைகள். தவறான குழியில் வைத்தால் கடைசியில் ஓர் உருளை மிஞ்சிவிடும். ஆகவே, தவறு என்று சொல்ல ஆசிரியை தேவையில்லை. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இதில் ஆழ்ந்திருந்தாள். மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார்கள்; அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்து முடித்துவிட்டு, நன்றாக உறங்கி எழுந்தவள்போல் முகமலர்ந்தாள். சிறு குழந்தைக்கு மனம் ஒரு நிலையில் நிற்காது என்ற பேச்சு அன்றே பொய்யாயிற்று.

இன்னொரு நாள் மூக்குச் சிந்துவது எப்படி என்பதையே அம்மையார் பாடமாக நடத்தினார். கைக்குட்டையை மடித்துச் சத்தமின்றித் துடைத்துக் காட்டினார். சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தார். பிள்ளைகளோ கைதட்டி ஆர்ப்பரித்தார்கள்! மூக்கு ஒழுகுகிறது என்று ஒவ்வொரு நாளும் அவர்களைத் திட்டியவர்கள் பலர். அதை எப்படித் துடைப்பது என்று மரியாதையோடு கற்றுத் தந்தவர் ஒருவருமில்லை.

எழுத்து மலர்ந்த நாள்

எழுத்துக் கற்பித்த முறையையும் அறிய வேண்டும். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார் அம்மையார். பிள்ளை விரலால் அதைத் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லும். கண், காது, விரல் மூன்றும் ஒரே வேளையில் கற்கும். நம் முன்னோரும் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவித்தார்கள் அன்றோ!

டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் மொட்டைமாடியில் ஐந்து வயதுச் சிறுவனிடம் சாக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தவன் திடீரென்று தனக்கு எழுத வருகிறது என்று கூவி, தரையில் மண்டியிட்டுக் கை என்ற சொல்லை எழுதினான். பிறகு புகைபோக்கி, கூரை என்ற சொற்களையும் எழுதினான். மற்றப் பிள்ளைகளும் சாக்கட்டி கேட்டு ஓடிவந்தார்கள். எழுது என்று அடித்தவர் யாருமில்லை. ஆயத்தமாயிருந்த விரல்கள் தாமே எழுதின.

மௌன விளையாட்டு

நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றை ஒரு நாள் அம்மையார் வகுப்புக்குக் கொண்டுவந்தார். இக்குழந்தையைப்போல் அமைதியாக இருக்க முடியுமா என்று கேட்டார். பிள்ளைகள் மூச்சையும் அடக்கி அமர்ந்தனர். பிறகு அடுத்த அறையிலிருந்து ஒவ்வொருவர் பெயரையும் மெல்லிய குரலில் அழைத்தார். பெயர் கேட்ட பிள்ளை அடிமேல் அடிவைத்து வந்தது. சுமார் நாற்பது பெயர்கள்! கடைசிப் பிள்ளையும் பொறுமையாகக் காத்திருந்தது. பரிசாக மிட்டாய் நீட்டியபோது பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள்.

இதைப் படித்தபின், ஒன்றாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்ட ஒரு பிற்பகலில் நாங்களும் இதைச் செய்துபார்த்தோம். மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் வாசலுக்கு வெளியே நின்று பெயர்களை மெதுவாகச் சொன்னோம். வேப்பமரத்துக் காகம் கரைவதுகூட வகுப்புக்குள் தெளிவாகக் கேட்டது. எப்போதும் பேசாமலே இருக்கும் சிறுமி ஒருத்தி, தன் பெயர் வந்ததும் ஓடிவந்து எங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று அவள் பெயரை அன்போடு ஒருவர் கூப்பிட்டார். அவ்வளவே அவளுக்கு வேண்டியிருந்தது.

கன்னியர் மடத்தில்

1908 டிசம்பர் 28-இல் மெசினா நகரைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. பெற்றோரை இழந்த சுமார் அறுபது பிள்ளைகளை உரோமையில் மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபைச் சகோதரிகள் தங்கள் மடத்தில் ஏற்றனர். இச்சபை 1877-இல் நம் உதகமண்டலத்தில் தோன்றியது என்பது நமக்குப் பெருமை. அந்தப் பிள்ளைகள் பேசவில்லை; சரியாக உண்ணவில்லை; இரவில் அலறி அழுதனர். அவர்களுக்கு மாண்டிசோரி முறையில் வகுப்பு நடத்தப்பட்டது. சிறு மேசைகள், பூச்சாடிகள், தாமே செய்யும் வேலைகள் என்று நாள்கள் நகர, அவர்கள் முகத்தில் சிரிப்பு திரும்பியது.

தாயும் மகனும்

அம்மையாருக்கு மரியோ என்று ஒரு மகன் உண்டு. அன்றைய சமூகச் சூழலால் அவரைத் தாமே வளர்க்க அம்மையாரால் இயலவில்லை. கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்த மரியோ, எங்கள் வயதில், அதாவது பதினைந்தாம் வயதில்தான் தாயோடு வந்து சேர்ந்தார். ஊரார் பிள்ளைகளை எல்லாம் உற்று நோக்கிய அந்தக் கண்களுக்குள் எத்தனை ஏக்கம் இருந்திருக்கும்! பின்னர் மரியோ தாயின் வலக்கையாகவே விளங்கினார்.

சென்னையும் கோடைக்கானலும்

அம்மையாரின் புகழ் உலகெங்கும் பரவியது. ஆனால் பிள்ளைகளைப் படைவீரர்போல் பழக்க விரும்பிய முசோலினி ஆட்சியோடு அவருக்கு ஒத்துவரவில்லை. 1934-இல் தாய்நாட்டை விட்டு வெளியேறினார்.

1939-இல், தமது 69-ஆம் வயதில், அருண்டேல், ருக்மிணிதேவி தம்பதியர் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டத்தில், கீற்றுக் கொட்டகைகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மரியோவைச் சிறைமுகாமில் வைத்தது. அம்மையார் அடையாற்றை விட்டு வெளியே போகக்கூடாது என்று ஆணையிட்டது. அவருடைய 70-ஆம் பிறந்த நாளன்று மகனை விடுவித்துத் தாயிடம் அனுப்பியது. அதைவிடப் பெரிய பரிசு அவருக்கு ஏது!

1942 முதல் 1944 வரை இருவரும் கோடைக்கானலில் தங்கினர். அங்கே பல வயதுப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்துச் செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் நேரில் காட்டிப் பாடம் நடத்தினர். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான கல்விமுறை அம்மலையில்தான் நன்கு வளர்ந்தது.

1949, 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் அமைதிக்கான நோபெல் பரிசுக்கு அம்மையாரின் பெயர் முன்மொழியப்பட்டது. 1952 மே 6-ஆம் நாள் ஆலந்து நாட்டில் நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில் இறைவனடி சேர்ந்தார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கொள்கிறார்.

முடிவுரை

இன்று தெருவுக்குத் தெரு மாண்டிசோரி என்ற பெயர்ப் பலகையைக் காண்கிறோம். அப்பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மூன்று வயதுக் குழந்தை வீட்டுப்பாடம் எழுதிக் கை நோகும் இடத்தில் அப்பெயர் இருந்து என்ன பயன்? விலை உயர்ந்த மரக்கட்டைகளை வாங்குவதும் மாண்டிசோரி முறை ஆகிவிடாது. குழந்தையை நம்பிக் காத்திருப்பதே அம்முறையின் உயிர்.

அன்புள்ள பெற்றோர்களே! நாளைக் காலை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் உங்கள் சின்ன மகள் சட்டைப் பொத்தானைத் தானே போட முயல்வாள். ஒரு பொத்தான் மாறிப்போகும். கையை நீட்டாதீர்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள். கீழே ஒரு பொத்தான் மிஞ்சுவதை அவளே பார்ப்பாள். அவளே கழற்றிச் சரிசெய்வாள். மாண்டிசோரி அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி அந்த இரண்டு நிமிடமே ஆகும்.