பனைவீட்டுத் துரை: ஆன்ரி ஃபோக்கோனியே (1879–1973)

கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில், 'தென்னமரம்' என்றொரு தோட்டம் இருக்கிறது. பெயர்ப்பலகையில் ரோமன் எழுத்தில் எழுதப்பட்டாலும் அது கலப்பில்லாத தமிழ்ச்சொல். ஆனால் அத்தோட்டம் மலேசிய வரலாற்றில் இடம்பெற்றது தென்னையால் அன்று, செம்பனையால். இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டு அங்கேதான் உருவானது. 2017இல் நாடு செம்பனைத் தொழிலின் நூற்றாண்டைக் கொண்டாடியபோது கணக்கு அந்த நடவிலிருந்தே தொடங்கியது.

அந்த நடவுக்குக் காரணமானவர் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பாடநூல்கள் அவருக்கு ஒரு வரி ஒதுக்குகின்றன. பிரெஞ்சு இலக்கியம் அவரைப் பரிசு பெற்ற நாவலாசிரியராக அறியும். அவருக்கு மூன்றாவது முகம் ஒன்றும் உண்டு. சிலாங்கூர் ஆற்றங்கரையில் பனைகளின் பெயரால் ஒரு வீடு கட்டிக் குடியிருந்தவர் அவர். வளங்குன்றாக் கட்டடக்கலையும் வளங்குன்றாப் பொருள் வடிவமைப்பும் பல்கலைக்கழகப் பாடங்களாகிவிட்ட இக்காலத்தில், நம் தாத்தா பாட்டிமார் வேலை செய்த மண்ணிலேயே அப்பாடத்தைத் தொடங்கலாம். அதற்கு இவருடைய வாழ்க்கை ஒரு நல்ல வாசல்.

சவ்வரிசி தேடிப் புறப்பட்டவர்

ஃபோக்கோனியே 1879ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் பிரான்சின் பார்பெசியே என்ற சிற்றூரில் பிறந்தார். எழுத்திலும் இசையிலும் ஈடுபாடு கொண்ட குடும்பம். தங்கை ஜெனவியேவும் பின்னாளில் நாவலாசிரியராகி, 1933இல் ஃபெமினா பரிசு பெற்றார். இளைஞர் ஆன்ரி இங்கிலாந்து சென்று ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தார். எழுத வேண்டும் என்பதே அவருடைய ஆசை. எழுதுவதற்கு ஓய்வு வேண்டும், ஓய்வுக்குப் பணம் வேண்டும். அந்நிலையில், போர்னியோவில் சவ்வரிசிப் பனை பயிரிட்டால் பணம் சேர்க்கலாம் என்று கூறும் கட்டுரை ஒன்று அவர் கண்ணில் பட்டது.

1905இல் கப்பலேறினார். சிங்கப்பூரில் இறங்கியபோதுதான் காலம் மாறிவிட்டது தெரிந்தது. மோட்டார் வண்டிகள் பெருகத் தொடங்கிய நேரம் அது. எல்லாருடைய பேச்சும் ரப்பரைப் பற்றியதாகவே இருந்தது. அவர் போர்னியோவை மறந்து மலாயாவுக்கு வந்தார். கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தொழில் பழகினார். பிறகு சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் தமக்கென நிலம் கண்டார். 1906ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்குக் குடியேறினார். தாய்நாட்டு நண்பர்கள் சிலரும் வந்து சேர்ந்தனர். 1908இல் பெல்ஜிய நிதியாளர் அட்ரியன் ஹாலே கைகொடுக்க, பிரசல்சில் அவர் பெயரிலேயே ஒரு தோட்ட நிறுவனம் எழுந்தது.

காடு வெட்டியதும் களை எடுத்ததும் பால்மரம் நட்டதும் யார் என்பதை நாம் அறிவோம். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அந்தத் தோட்டத்திலும் இருந்தார்கள். ஃபோக்கோனியே மலாயும் தமிழும் கற்றார். தமிழ் தெரியாத துரை கங்காணியின் வாயையே நம்பி வாழ வேண்டியிருந்த காலம் அது. தொழில் தேவைக்காகக் கற்ற மொழிகள் பின்னாளில் அவருடைய நாவலுக்குள்ளும் வந்தன.

பனைகளின் இல்லம்

ரந்தாவ் பாஞ்சாங்கில் அவர் கட்டிய வீட்டுக்கு வைத்த பெயர் 'பனைகளின் இல்லம்'. பின்னாளில் எழுதிய நாவலிலும் அதே பெயரில் ஒரு வீட்டைக் கதையின் நடுவே நிறுத்தினார். அந்தப் பெயர் வெறும் அலங்காரமாக எனக்குத் தோன்றவில்லை.

ஒருமுறை கோலசிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகேறும் நாம் மரங்களில் மினுக்கும் ஒளியை மட்டுமே பார்க்கிறோம். பகலில் போனால் கரையோரம் வரிசையாய் நிற்கும் நீப்பாப் பனையைக் காணலாம். அதன் ஓலையை மடித்து, குச்சியில் கோத்துத் தைத்தால் அத்தாப்பு. கூரைக்கு அது போதும். தூணுக்கும் தரைக்கும் நீபோங் பனை. அதன் தண்டின் வெளிப்புறம் இரும்புபோல் உறுதியானது, ஈரத்தையும் உவர்நீரையும் தாங்கவல்லது. தூணையும் கூரையையும் இறுக்கிக் கட்டப் பிரம்பு. பிரம்பும் பனைக் குடும்பத்துக் கொடிதான். ஆக, இந்த வட்டாரத்தின் பழைய வீட்டில் தலை முதல் கால் வரை ஒரே தாவரக் குடும்பம் நிற்கிறது. ஆணிகூட அதிகம் தேவைப்படவில்லை.

இவ்வகை வீடு எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஓலைக்கூரை வெயிலைச் சேமித்து வைப்பதில்லை. ஆகவே அந்தி சாய்ந்ததும் அது வீட்டுக்குள் வெப்பத்தை உமிழாது. செங்குத்தான சரிவு மழைநீரை விரைவாக இறக்கிவிடும். சூடான காற்று மேலேறிக் கூரை இடுக்கு வழியாக வெளியேறும். நீண்ட இறவாரம் சாரலையும் வெயிலையும் தடுக்கும். தூண்மேல் தூக்கி நிறுத்திய தரையின் கீழ் வெள்ளமும் காற்றும் தடையின்றிப் போகும். குறையும் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓலை மாற்ற வேண்டும், தீயென்றால் நொடியில் போகும். ஆனால் மாற்றி எறிந்த ஓலை மண்ணோடு மண்ணாகிவிடும், புதிய ஓலை ஆற்றங்கரையில் மறுபடி வளர்ந்திருக்கும்.

இந்தக் கொள்கையைத்தான் இன்று கட்டடக்கலைஞர்கள் புதிய மொழியில் பேசுகிறார்கள். நம் சிலாங்கூர் மாநிலத்திலேயே இரண்டு சான்றுகள் உள்ளன. பாங்கியில் ஜிம்மி லிம் வடிவமைத்த சாலிஞ்சர் இல்லம், மலாய் மரவீட்டின் முறையைப் புதிய வடிவில் எழுப்பியது. சுபாங் ஜெயாவில் கென் யாங் வடிவமைத்து 1992இல் முடிந்த மெசினியாகா கோபுரம், வெயில் வரும் திசையையும் காற்றையும் செடிகளையும் கணக்கிட்டு எழுந்த அடுக்குமாடி. கோபுரத்துக்கு 1995இலும் இல்லத்துக்கு 1998இலும் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. இடத்தைப் பார்த்துக் கட்டு என்ற அதே பாடம், அத்தாப்பிலிருந்து எஃகுவரை வந்திருக்கிறது.

ஒரு பை விதை

ஃபோக்கோனியேயின் வாழ்வில் மூன்றாவது பனை வந்தது 1911இல். மேற்கு ஆப்பிரிக்காவின் செம்பனை 1848இல் நான்கு கன்றுகளாக ஜாவாவின் போகோர் பூங்காவுக்கு வந்தது. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவில் பரவின. அங்கு ஹாலே அதை வணிகப் பயிராக்கத் தொடங்கியிருந்தார். சுமத்திராவிலிருந்து வந்த விதைகளை ஃபோக்கோனியே 1911, 1912ஆம் ஆண்டுகளில் ரந்தாவ் பாஞ்சாங்கில் நட்டார். அன்று மலாயாவில் செம்பனை வெறும் அழகு மரம். சாலையோரம் நிழலுக்கும் பார்வைக்கும் நிற்பது. அதில் எண்ணெய் வணிகம் இருக்கிறது என்று கண்டதே அவருடைய துணிவு.

1914இல் உலகப்போர் மூண்டது. அவர் பிரான்சுக்குத் திரும்பிப் படையில் சேர்ந்தார். 1917இல் மதலேனை மணந்தார். அவர் சீருடை அணிந்திருந்த அந்த ஆண்டுகளுக்கு நடுவேதான், காப்பி பொய்த்துப்போன தென்னமரம் தோட்டத்தில் செம்பனை வரிசையாக ஊன்றப்பட்டது. வரலாறு அதை அவர் பெயரில் எழுதியது. குழி தோண்டிக் கன்று வைத்தவர்களின் பெயரை யாரும் எழுதவில்லை.

பயிர் வளர்ந்த வேகத்தை எண்கள் சொல்லும். 1960இல் இந்நாட்டில் செம்பனை ஏறத்தாழ 55 ஆயிரம் ஹெக்டர். 2020இல் 5.8 மில்லியன் ஹெக்டருக்கும் மேல். இடைப்பட்ட காலத்தில் நம் பெண்களின் உழைப்பு ஒன்று மறக்கப்பட்டுவிட்டது. செம்பனைப் பூவுக்கு இங்கு இயற்கையான மகரந்தச் சேர்க்கை போதாமல், தோட்டத் தொழிலாளர்கள், அவர்களில் பெண்கள் பலர், மரம் மரமாகச் சென்று கையால் மகரந்தம் தூவினார்கள். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டு கொண்டுவந்து விடப்பட்ட பிறகே அந்த வேலை ஓய்ந்தது.

நாவலும் அதில் வரும் நாமும்

போருக்குப் பின் ஃபோக்கோனியே ஹாலே குழுமத்தின் கீழைநாட்டுத் தோட்டங்களைக் கவனித்தார். 1920களில் வட ஆப்பிரிக்காவின் துனிசியாவில் குடியேறினார். பணம் சேர்த்து ஓய்வு பெற்று எழுத வேண்டும் என்ற இளமைக்காலத் திட்டம் அங்கே நிறைவேறியது. 1930இல் 'மலேஸி' நாவல் வெளிவந்தது. பிரான்சின் பெரும் பரிசான கோன்கூர் அவ்வாண்டே அதற்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு 'தி சோல் ஆஃப் மலாயா' என்று ஆங்கிலத்தில் வந்தது. நாவலில் மலாய்ப் பந்துன்கள் வருகின்றன. ஸ்மாயில் என்ற மலாய் இளைஞனின் வெறியில் கதை முடிகிறது. வெள்ளைக்காரத் துரைமாரின் செருக்கை எள்ளி நகையாடும் பக்கங்களும் உண்டு.

அதில் பழனியாயி என்ற தமிழ்ப் பெண்ணும் வருகிறாள். தோட்டத்தில் வேலை செய்பவள், கதைசொல்லும் துரையின் பங்களாவுக்கு வந்துபோகிறாள். அவளுடைய அழகை ஆசிரியர் வருணிக்கிறார். அவள் என்ன நினைத்தாள் என்பதை எழுதவில்லை. மலாய்க்காரரின் உள்ளத்தைத் தேடி அலைந்த எழுத்து, தமிழ்ப் பெண்ணின் வாசலில் நின்றுவிடுகிறது. நம்மைப் பற்றி உலகம் படித்த முக்கிய நாவல்களுள் ஒன்றில் நம் பாட்டி பேசாமலேயே போகிறாள் என்பது உறுத்தும் உண்மை.

வீட்டின் கதையிலும் இதே இடைவெளி உண்டு. துரை காற்றோட்டமுள்ள இல்லம் கட்டிக்கொண்ட காலத்தில், மலாயாத் தோட்டங்களில் தொழிலாளிக்குக் கிடைத்தது லயம். பத்தடி, பன்னிரண்டடி அறைகள் வரிசையாக, நடுவே மெல்லிய பலகைச் சுவர், மேலே பல இடங்களில் நண்பகலில் கொதிக்கும் தகரம். இடத்தை அறிந்து கட்டும் கலை ஆற்றங்கரைக் கம்பத்தில் இருந்தது, துரைக்கும் தெரிந்திருந்தது. லயத்துக்கு மட்டும் அது எட்டவில்லை. தோட்ட வீடு எப்படி இருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச அளவுக்குத் தனிச் சட்டம் 1966இல்தான் வந்தது. 1990இல் அது மாற்றி இயற்றப்பட்டது.

வீட்டின் விதியும் பயிரின் விதியும்

ஃபோக்கோனியே 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், 94ஆம் வயதில் பாரிசில் காலமானார். அவர் விட்டுச் சென்றவை ஒரு நாவலும் ஒரு பயிரும். வீடு எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தந்தது. பயிரோ காட்டை எடுத்தது. சிலாங்கூரின் வடக்கே உள்ள கரிச்சதுப்புக் காட்டில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் என்ன ஆகும் என்பதை நாம் புகைமூட்டமாகச் சுவாசித்திருக்கிறோம். ராஜா மூசா வனக்காப்பகத்தில் எரிந்த சதுப்பை மீட்க, 2008 முதல் வாய்க்கால்களை அடைத்து நீரைத் தேக்கி மரம் நடுகிறார்கள். செம்பனைக்கு வளங்குன்றா முறை வகுக்கும் அனைத்துலக வட்டமேசை அமைப்பு 2004இல் உருவானது. மலேசியாவின் சொந்தச் சான்றிதழ் முறை 2020இல் கட்டாயமானது.

இருந்தும் செம்பனையைக் குற்றவாளியாக்கிவிட்டு நகர்ந்துவிட முடியாது. ஒரு ஹெக்டரில் அதைப்போல் எண்ணெய் தரும் வேறு பயிர் இல்லை. ஆலையில் நாரும் ஓடும் கொதிகலனுக்கு எரிபொருளாகின்றன. வெறுங்குலை தோட்டத்துக்கே உரமாகத் திரும்புகிறது. ஏறத்தாழ 25 ஆண்டு கழித்து மறுநடவின்போது வீழ்த்தும் தண்டிலிருந்து ஒட்டுப்பலகை செய்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் முன்பே நம் தோட்டத்துப் பெண்கள் ஓலையைக் கிழித்து ஈர்க்கெடுத்து விளக்குமாறு கட்டி விற்றார்கள். வளங்குன்றாப் பொருள் வடிவமைப்பு என்ற பெயர் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் வீணாகும் ஒன்றைப் பயன்படும் பொருளாக்கிய கை அவர்களுடையது.

சவ்வரிசிப் பனை தேடிப் புறப்பட்டு, பனைகளின் பெயரால் வீடு கட்டி, செம்பனை நட்டுச் சென்ற அம்மனிதரின் வாழ்க்கை நம்மிடம் ஒரு கேள்வியை வைக்கிறது. அத்தாப்பு வீட்டின் விதியைப் பயிரும் ஆலையும் தொழிலாளி வீடும் எப்போது கற்றுக்கொள்ளும்? விடை எழுத வேண்டியவர்கள் பாரிசில் இல்லை. கட்டடக்கலை, பொறியியல், வேளாண்மை, வடிவமைப்பு வகுப்புகளில் உட்கார்ந்திருக்கும் தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் கோலசிலாங்கூருக்கு மின்மினி பார்க்கப் போகும் நண்பர்கள், பகலிலேயே போய்ச் சேருங்கள். கரையில் நிற்கும் நீப்பாவையும், வழியில் உள்ள தென்னமரத்தையும், மிஞ்சியிருக்கும் லயம் ஒன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். பழனியாயி சொல்லாமல் போனதை நம் வரைபடங்களாவது சொல்லட்டும்.