வேண்டாம் என்று சொன்ன அன்னக்குட்டி



கன்னியாஸ்திரி முகம் போட்ட 5 ரூபாய் நாணயம் பார்த்திருக்கீங்களா? 2009-ல் வெளியிட்டாங்க. அவர்தான் புனித அல்போன்சா.

இவர் 19.8.1910 அன்று கேரளாவில் கோட்டயம் பக்கத்திலுள்ள குடமாளூரில் பிறந்தார். அன்னக்குட்டி என்பது வீட்டுப் பெயர். கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துட்டாங்க. அம்மாவின் சகோதரி வீட்டில் கண்டிப்பாக வளர்ந்தார். 13 வயதிலேயே கல்யாணப் பேச்சு வந்தது. அவருக்கோ கன்னியாஸ்திரி ஆகணும்னு ஆசை. வேண்டாம் என்றதை யாரும் காதில் வாங்கவில்லை. 1923-ல் உமி எரிந்த குழியில் காலை விட்டுட்டார். கால் வெந்து பல நாள் படுக்கையில் கிடந்தார். அப்புறம்தான் அந்தப் பேச்சு நின்றது.

1927-ல் பரணங்கானம் மடத்தில் சேர்ந்தார். 1932-ல் வாகக்காடு பள்ளியில் டீச்சராக இருந்தார். ஓராண்டுதான், நோய் விடவில்லை. வலியிலும் பார்க்க வந்த பிள்ளைகளிடம் அன்பாகப் பேசினார். 28.7.1946 அன்று 35 வயதில் இறந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர் கல்லறையை முதலில் தேடிப் போனவர்கள் பள்ளிப் பிள்ளைகள். 12.10.2008 அன்று போப் 16-ம் பெனடிக்ட் வாடிகனில் இவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பெண்களில் முதல் புனிதர் இவரே.

சாமி கும்பிடுகிற நாம் இவரிடம் கற்க வேண்டியவை:

1. பக்தி என்பது மார்க் கொடு, பணம் கொடு என்று கேட்பது மட்டும் இல்லை. கஷ்டத்திலும் மற்றவரிடம் அன்பாக இருப்பதே பக்தி.

2. நோயில் படுத்திருப்பவர் வீட்டுக்குப் பாரம் இல்லை. நம்ம வீட்டு ஆயாவிடம் தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசலாம்.

3. பொறுமை என்றால் எல்லாத்துக்கும் தலையாட்டுவது இல்லை. அன்னக்குட்டியும் வேண்டாம் என்று சொன்னவர்தான்.

நான் இப்போ அன்னக்குட்டியைவிட ஒரு வயசு பெரியவள். அதனால் இதைச் சொல்லியே ஆகணும். அந்த நெருப்பு நமக்கு வேண்டவே வேண்டாம். கேட்க ஆள் இல்லாததால்தான் அவர் அப்படிச் செய்தார். நமக்கு ஆள் இருக்காங்க. 18 வயசுக்கு முன்னால் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். லீவில் யாருக்காவது கல்யாணப் பேச்சு எடுத்தால் டீச்சரிடம் சொல்லுங்க. இல்லைன்னா 1098-க்குப் போன் போடுங்க, காசு கிடையாது. தோழிக்காக நீங்களும் போடலாம்.

பெரியவங்களுக்கும் ஒரு வார்த்தை. புனிதர் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, வீட்டில் பெண்பிள்ளை அழுவதைக் கேட்காமல் இருந்தால் அது பக்தி ஆகுமா? யோசியுங்க!